அர்த்தநாரி காரும் ஆத்தா குதிரையும்

ஜலகண்டாபுரத்தில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் இரண்டு வகை. காருக்குள் தாங்கள் உட்கார்ந்து போகிறவர்கள் ஒரு வகை. கார் நிறையச் சாமானை ஏற்றிவிட்டுத் தாங்கள் எங்கேயாவது ஒண்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் நூல் வியாபாரிகள் சிலர் இருந்தார்கள். இரண்டாவது வகையில் அர்த்தநாரி ஒருவர்தான் இருந்தார்.

தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அண்ணன்மார்களும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நாளெல்லாம் நெய்தார்கள். "உசுரோட இருக்கறப்பவே குழிக்குள்ள போறதாச்சும்!" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி சேலத்துக்கு ஓடிப்போய், ஒரு வக்கீல் வீட்டில் கார் துடைக்கச் சேர்ந்தார். துடைத்துத் துடைத்தே ஓட்டவும் பழகிவிட்டார். வக்கீல் புதுக் கார் வாங்கியபோது பழையதை இவர் தலையில் கட்டினார். இவர் மனைவி கண்ணாத்தாளின் கழுத்திலும் காதிலும் கிடந்ததெல்லாம் அந்தக் காருக்குள் போயிற்று. அதற்குப் பிறகு அவளை யாராவது "நகையெல்லாம் எங்கே?" என்று கேட்டால், "வாசல்ல நிக்குது, நாலு சக்கரம் இருக்கும், பாத்துக்கங்க" என்பாள்.

மேல்மூடி கிழிந்த திறந்த கார் அது. வாடகைக்கு ஆள் ஏற்றலாம் என்றுதான் அர்த்தநாரி வாங்கினார். ஆனால் அந்தப் பக்கத்து மனிதர்கள் நடக்க அஞ்சாதவர்கள். ஓமலூருக்குப் போக வேண்டுமா, விடியலில் கம்பஞ்சோற்றைக் கட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். காசு கொடுத்து உட்கார்ந்து போகிறவனைப் பார்த்தால், "ஏனப்பா, காலுக்கு என்ன கேடு?" என்று கேட்பார்கள். கார் வாசலில் நின்று துருப்பிடிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒரு கல்யாண வீட்டில், பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலைச் சம்பந்தி ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பெண்ணின் அப்பா கட்டிலையும் பார்த்தார், காரையும் பார்த்தார். "மனுசன் நடந்துக்குவான். கட்டில் நடக்குமா?" என்றார். அர்த்தநாரி பின் இருக்கையைக் கழற்றி வீட்டுக்குள் போட்டார். கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காருக்கு மேல் கட்டினார். நாலு காலும் வானத்தைப் பார்க்க, அந்தக் கட்டில் காரில் போய் இறங்கியதும் சம்பந்தி வீட்டார் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் வெயிலில் நடந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பிறகென்ன, மானம் மரியாதையுள்ள எந்தக் குடும்பமும் சீரை மாட்டு வண்டியில் அனுப்பச் சம்மதிக்கவில்லை. கட்டில் போயிற்று, ஆட்டுக்கல் போயிற்று, நெல் கொட்டி வைக்கிற ஆளுயர மண்குதிர் போயிற்று. கொட்டகையில் சொந்தமாக இரண்டு ஜோடி மாடும் வண்டியும் வைத்திருந்த பண்ணையக்காரர் ஒருவர், மகள் வீட்டுக்கு வைக்கோலைக் காரில் அனுப்பினார். கார் கண்ணுக்கே தெரியவில்லை. வைக்கோல் போர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தார் ரோட்டில் வருவதைப் பார்த்து எதிரே வந்தவர்கள் சாக்கடையில் இறங்கி நின்றார்கள். தறிக்காரர்கள் நீள நீளமான தறிமரங்களைக் கொடுத்தார்கள். மேச்சேரிச் சந்தைக்கு ஆடுகள் போயின. அவை தலையை வெளியே நீட்டிக்கொண்டு, தேர்தலில் ஜெயித்த ஜில்லா போர்டு மெம்பர்கள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வரும்.

சுமை கட்டுவதில் அர்த்தநாரிக்கு ஒரு வித்தை இருந்தது என்பதை எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். இடது பக்கக் கதவுகளை எடுத்துவிட்டார். உள்ளே கொள்ளாதது மேலே, மேலே கொள்ளாதது பக்கத்தில். அவர் போட்ட முடிச்சு அவராக அவிழ்த்தால்தான் அவிழும். ஒரே ஒரு சட்டத்துக்கு மட்டும் அவர் கட்டுப்பட்டார்: காருக்கு வெளியே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அதன் நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். போலீஸ்காரர்கள் சொன்னது. கண்ணாத்தாளின் பழைய சிவப்புச் சேலையில் கிழித்த துண்டு ஒன்று எப்போதும் ஸ்டியரிங்கில் தொங்கும். பொழுதுக்கும் கட்டிக் கட்டி அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டில் உறியிலிருந்து அகப்பைக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தால்கூட அவர் கை சிவப்புத் துணியைத் தேடும் என்று கண்ணாத்தாள் கேலி செய்வாள்.

உலக யுத்தக் காலம் வந்தது. பெட்ரோல், கலெக்டர் ஆபீசில் போய்க் கும்பிட்டாலும் கிடைக்காத வஸ்துவாகப் போயிற்று. அர்த்தநாரி அசரவில்லை. சேலத்துப் பட்டறை ஒன்றில் காரின் மிதிபடி மேல் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்திக்கொண்டு வந்தார். அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி ஊதினால் ஒரு வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும், அதற்கு இஷ்டம் இருந்தால். கரி கொஞ்சம் ஈரமாக இருந்தால் படாரென்று ஒரு வெடி வெடித்து, உருளையின் வாயில் நெருப்பைக் கக்கிவிட்டு நின்றுவிடும். ஆக, ஏற்கெனவே ஊர்ச் சுமையெல்லாம் சுமந்த கார் இப்போது தன் அடுப்பையும் தானே சுமந்துகொண்டு திரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நெருஞ்சிக்காட்டு மணியகாரர் வெங்கடாசலம் ஆள் அனுப்பினார்.

ஓமலூருக்கும் மேச்சேரிக்கும் நடுவில் நெருஞ்சிக்காடு, கொழிஞ்சிமேடு என்று இரண்டு ஊர்கள். இரண்டிலும் மாரியாத்தா கோயில். இரண்டு ஆத்தாவும் அக்கா தங்கை. இதில் சண்டை கிடையாது. அக்கா எந்த ஊரில் இருக்கிறாள் என்பதில்தான் சண்டை. அது வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் ஆரம்பித்தது, அவன் போன பிறகும் தீரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்த வருஷத் திருவிழாவில் தங்கள் ஆத்தாவைக் குதிரை வாகனத்தில் ஏற்றிவிட்டால் கொழிஞ்சிமேட்டுக்காரர்கள் வாயை மூடுவார்கள் என்று மணியகாரர் கணக்குப் போட்டு, சேலத்தில் மரக்குதிரை செய்யச் சொல்லியிருந்தார்.

"மாட்டு வண்டியில கொண்டாந்தா என்னங்க?" என்று அர்த்தநாரியே கேட்டார்.

"ஏப்பா, குதிரை மாட்டுக்குப் பின்னால வர்றதா? ஆத்தா மொகத்துல நான் எப்புடி முழிக்கறது? காருலதான் வரோணும். கொழிஞ்சிமேட்டு வழியாத்தான் வரோணும். அந்தப் பச்சமுத்து பாக்கோணும்."

பச்சமுத்து என்பவர் கொழிஞ்சிமேட்டுக் கோயில் தர்மகர்த்தா.

குதிரை பெரியது. இரண்டு முன்னங்காலையும் தூக்கிப் பாய்கிற குதிரை. அர்த்தநாரி கண்ணாடிச் சட்டத்தை மடக்கி, குதிரையின் பின்னங்கால்களைப் பின் இருக்கை இருந்த பள்ளத்தில் இறக்கி, பீடத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கினார். முன்னங்கால்கள் பானட்டுக்கு மேலே பாய்ந்தன. வால் பின்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருந்தது. குதிரையின் நெஞ்சுக்கு அடியில், இரண்டு காலுக்கும் நடுவில், அர்த்தநாரி குனிந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

புறப்படும்போது, குதிரையைச் செய்த ஆசாரி ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார். குதிரைக்குக் கண் எழுதியாயிற்று. அந்தக் கண்ணைச் சிவப்புத் துணியால் கட்டியிருக்கிறது. கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, பூஜை போட்டு, ஆத்தா முகத்துக்கு நேராகத்தான் கட்டை அவிழ்க்க வேண்டும். குதிரை கண்ணைத் திறந்து முதலில் எந்த ஆத்தாவைப் பார்க்கிறதோ அந்த ஆத்தாவுக்குத்தான் அது சொந்தம். "ஆகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி கரியை ஊதினார்.

ஓமலூர் தாண்டி, கொழிஞ்சிமேட்டு எல்லை வரைக்கும் எந்த வில்லங்கமும் இல்லை. எல்லையில் ஒரு புளியமரத்தடியில் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். காரைக் கையைக் காட்டி நிறுத்தினார். முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று வந்தார். குதிரையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பார்த்தது வாலை.

"பின்னால இவ்வளவு நீட்டிக்கிட்டிருக்கு. சிவப்புத் துணி எங்கே?"

அர்த்தநாரியின் கை ஸ்டியரிங்குக்குப் போயிற்று. துணி இல்லை. காலையில் சூடான உருளையை அதால் பிடித்துத் திறந்தபோது அது கருகிப் போய்விட்டது. போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பென்சிலைக் கண்டதும் அர்த்தநாரிக்கு ஆசாரியும் மறந்து போனார், ஆத்தாவும் மறந்து போனாள். சிவப்புத் துணி எங்கே, சிவப்புத் துணி எங்கே என்று கண் அலைந்தது. தலைக்கு மேலேயே இருந்தது. எட்டி அவிழ்த்தார். ஓடிப்போய் வால் நுனியில் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்து, இறுகியிருப்பதைக் கண்டு திருப்தியும் பட்டுக்கொண்டார்.

போலீஸ்காரர் பென்சிலைப் பையில் வைத்தார். கார் கொழிஞ்சிமேட்டுக்குள் நுழைந்தது. சரியாக மாரியாத்தா கோயிலுக்கு முன்னால், படாரென்று ஒரு வெடி. உருளை நெருப்பைக் கக்கிற்று. புகை சுருள் சுருளாகக் கிளம்பிக் குதிரையைச் சூழ்ந்தது. கார் நின்றுவிட்டது.

புகை கலைந்தபோது, கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்கள் பார்த்தார்கள். வானத்தில் பாய்கிற குதிரை. அகல விழித்த இரண்டு கண். அந்தக் கண் நேராக அவர்கள் ஆத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் குலவையிட்டவள் பெருமாயி. அவளுக்கு அந்த ஊரில் வாரத்துக்கொரு முறை அருள் வரும், விருந்தாளி வந்தால் கூடுதலாகவும் வரும். "வந்துட்டாளே! அக்கினியில ஏறி வந்துட்டாளே! எனக்குக் குதிரை கொண்டாந்துட்டாளே!" என்று அவள் ஆட, ஊரே கூடிவிட்டது. அர்த்தநாரி குதிரைக்காலுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "ஏனுங்க, கரி ஈரமுங்க, அதனால நின்னுருச்சுங்க" என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அவர் கீழே இறங்குவதற்குள் பானட்டில் மஞ்சள் பூசிவிட்டார்கள். இரண்டு விளக்குக் கண்ணாடிக்கும் குங்குமம் வைத்தாயிற்று. ஹாரனில் வேப்பிலை கட்டினார்கள்.

தர்மகர்த்தா பச்சமுத்து வந்து பார்த்தார். அவர் விவரமானவர். எதிர் ஊர்க்காரன் காசில் தன் கோயிலுக்கு ஒரு குதிரை வந்து நிற்பதை அவர் ஒரு கணத்தில் புரிந்துகொண்டார். சட்டென்று மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காரின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி, குதிரைய எறக்கிப்போட்டு என்ற காரை உட்டுருங்க," என்றார் அர்த்தநாரி.

"எறக்கறதா? பூசை போட்டதை ஆத்தா உத்தரவு இல்லாம அசைக்கலாமா? காரும் குதிரையும் ஒண்ணா வந்துச்சு. ஒண்ணாத்தான் நிக்கும்."

"அது என்ற காருங்க. அதுலதான் எங்க ஊட்டு அடுப்பெரியுதுங்க!"

"உங்க ஊட்டு அடுப்பு எரிய வேண்டியதெல்லாம் ஆத்தா பாத்துக்குவா," என்று பச்சமுத்து பெருந்தன்மையாகச் சொன்னார்.

சேதி கேட்டு நெருஞ்சிக்காட்டுக்காரர்கள் தடியோடு வந்தார்கள். கொழிஞ்சிமேட்டுக்காரர்களும் தடியெடுத்தார்கள். இரண்டு கூட்டமும் காருக்கு இரண்டு பக்கமும் நின்று, ஆத்தா உத்தரவு கிடைக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டன. மணியகாரர் வெங்கடாசலம் அர்த்தநாரியைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணுக்கட்டை எவன்டா அவுத்தது?" என்று கேட்டார். "காத்துல அவுந்துருச்சுங்க," என்றார் அர்த்தநாரி. ஒரு முடிச்சைப் பற்றி அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. துணி அங்கேயே வால் நுனியில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. குதிரையின் முகத்தைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் அதன் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

காருக்கு மேல் பந்தல் போட்டார்கள். தினமும் பூஜை. பூஜையென்றால் அபிஷேகமும் உண்டுதானே? குதிரையின் தலையில் ஊற்றிய பால் நெஞ்சு வழியாக இறங்கி ஸ்டியரிங்கில் சொட்டியது. இளநீர் எஞ்சினுக்குள் ஓடியது. ஒரு புண்ணியவதி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பஞ்சாமிர்தம் போட்டாள். ஒவ்வொரு குடம் கவிழும்போதும் அர்த்தநாரி "ஐயோ! ஐயோ!" என்று கத்தினார். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் நெகிழ்ந்து போனார்கள். அவருக்கோ கண்ணாத்தாளின் தோடும் அட்டிகையும் தன் கண் முன்னால் பாலில் ஊறுவது மாதிரி இருந்தது. கார் போனால் திரும்பத் தறிக்குழிதான். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

கண்ணாத்தாள் ஜலகண்டாபுரத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். பந்தலையும் காரையும் புருஷனையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"கெஞ்சிப் பாத்தீங்களா?"

"கெஞ்சாத ஆளில்ல புள்ள."

"நீங்க பேசுனா எவனுங்க கேப்பான்? ஆத்தா பேசுனாத்தான் கேப்பாங்க."

அர்த்தநாரி அவளைப் பார்த்தார். அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அன்று உச்சிப் பூஜையில் பம்பை அடித்தபோது அர்த்தநாரி ஆட ஆரம்பித்தார். தொடக்கத்தில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் பானட்டில் வழிகிற பாலைப் பார்த்தார். வெட்கம் போய் ஆத்திரம் வந்தது, ஆட்டமும் தானாக வந்தது. பெருமாயிக்குப் பொறுக்கவில்லை. தன் தொழிலில் இன்னொருத்தன் கைவைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கொழுந்துவிட்டு எரிகிற கற்பூரக் கட்டியை எடுத்து, "நெசமான ஆத்தான்னா கையை நீட்டு!" என்று அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். வருஷக்கணக்கில் கயிறு இழுத்தும், சூடான உருளையைத் திறந்து மூடியும் காய்த்துப் போன கை அது. கற்பூரம் கடைசி வரை எரிந்து அணைந்தது. அர்த்தநாரி கையை உதறவில்லை. கூட்டம் முழுக்கத் தரையில் விழுந்தது. வேறு வழியில்லாமல் பெருமாயியும் விழுந்தாள்.

"என்னடா நெனச்சீங்க?" என்று அர்த்தநாரி கத்தினார். "ரெண்டு ஊரும் எனக்கு ஒண்ணுதான்டா! ஒரு வருசம் அங்க, ஒரு வருசம் இங்க! குதிரை பொதுவு!"

"சரி ஆத்தா!" என்றார்கள் இரண்டு ஊர்க்காரர்களும். தடியோடு நின்று நின்று அவர்களுக்கும் கால் கடுத்துப் போயிருந்தது.

"தண்ணி ஊத்தாதீங்கடா! எனக்குச் சளி புடிக்குது!"

"தப்புதான் ஆத்தா!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். குதிரையை இறக்கிக்கொண்டு போயிருப்பார்கள், காரும் மிஞ்சியிருக்கும். ஆனால் காரைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லிவிட்டால் இனிமேல் எவனும் அதில் கைவைக்க மாட்டானே என்று அர்த்தநாரிக்குத் தோன்றிற்று. சுமை ஏற்றுகிறவருக்கு எப்போதும் இதுதான் கேடு. கட்டி முடித்த பிறகும் மேலே இன்னும் ஒரு மூட்டை வைக்கலாமே என்று கை அரிக்கும்.

"இந்தக் காரு என்ற சொந்த வாகனம்டா! குதிரையவிட இதுதான் எனக்கு ஒசத்தி! இதை ஓட்டறவன் என்ற புள்ள! இதை ஒருத்தன் கட்டிப்போடப்படாது, குறுக்க நிக்கப்படாது!"

"சரி ஆத்தா! சரி ஆத்தா!"

இரண்டு ஊரும் சேர்ந்து காரைத் தள்ளின. நெருஞ்சிக்காட்டில் குதிரையை இறக்கினார்கள். அர்த்தநாரி ரேடியேட்டரிலிருந்து வாழைப்பழத்தையும் பேரீச்சையையும் வழித்தெடுத்து, எஞ்சினைத் துடைத்து, நல்ல காய்ந்த கரியாகப் போட்டு ஊதினார். கார் உறுமியது. பக்கத்தில் கண்ணாத்தாளை உட்காரவைத்துக்கொண்டு ஜலகண்டாபுரம் வந்து சேர்ந்தபோது, அவர் ஒரு ராஜா மாதிரிதான் வந்தார். அந்தக் காரில் கண்ணாத்தாள் ஒரு சுமையும் இல்லாமல் உட்கார்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சந்தைக்கு ஆடு கொண்டுபோக வேண்டிய மேச்சேரிக்காரர் வந்தார். காரை நெருங்கியதும் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏத்துங்க ஆட்டை," என்றார் அர்த்தநாரி.

"என்ன சாமி சொல்றீங்க? ஆத்தா வாகனத்துல ஆடு ஏத்தறதா? அது புழுக்கை போடுமே! என்ற குடும்பம் நல்லாருக்க வேண்டாமுங்களா?" என்று சொல்லிவிட்டு ஆடுகளை நடத்தியே ஓட்டிக்கொண்டு போனார்.

வைக்கோல் அனுப்புகிற பண்ணையக்காரரும் வந்தார். வைக்கோலோடு வரவில்லை, தேங்காயோடு வந்தார். தறிமரம் ஏற்றச் சொல்லித் தெருவில் நின்று கூப்பிட்டார் அர்த்தநாரி. "காலுல மிதிக்கற மரமுங்க அது, அதைப் போயி…" என்று தறிக்காரர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். கல்யாணக் கட்டில்? பெண்ணும் மாப்பிள்ளையும் படுக்கிற கட்டிலை ஆத்தா தலைக்கு மேல் கட்டுவதா என்று கேட்டார்கள். ஆளையாவது ஏற்றலாம் என்று பார்த்தார். காலை எடுத்து உள்ளே வைக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அவரையே, செருப்போடு வண்டியில் ஏறாதீர்கள் என்று தெருக்காரர்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள்.

எல்லாச் சுமையையும் சுமந்த கார் வாசலில் வெறுமனே நின்றது. அதன் முன்னால் தினமும் யாராவது சூடம் கொளுத்தினார்கள். தேங்காய் மூடி நிறையக் கிடைத்தது. கண்ணாத்தாள் தேங்காய்ச் சட்னியாக அரைத்தாள், அதைத் தொட்டுக்கொண்டு தின்ன இட்லிதான் இல்லை.

கடைசியில் ஒரு நாள் அர்த்தநாரி மானத்தை விட்டுவிட்டார். சந்தை கூடுகிற நேரம் பார்த்துக் கடைவீதி நடுவில் நின்று கத்தினார்:

"ஆத்தாவும் வல்ல, ஒண்ணும் வல்லீங்க! நான்தான் ஆடுனேன்! காரை மீட்டுக்கறதுக்காகப் பொய்யி சொன்னேன்! காச்சுப்போன கையி, அதனால சுடலீங்க! நல்லாக் கேட்டுக்கங்க, அது வெறுங் காரு! ஆட்டை ஏத்துங்க, வைக்கப்புல்லை ஏத்துங்க, எதை வேணுமின்னாலும் ஏத்துங்க!"

ஒரு வெற்றிலைக்காரப் பெரியவர் எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். குரலில் அத்தனை பரிவு.

"ஏன் சாமி ஒடம்பை அலட்டிக்கறீங்க? அருளு வந்தவனுக்கு அப்புறம் ஞாபகம் இருக்குமுங்களா? எந்தக் காலத்துல இருந்துச்சு? நெசமா வந்தவன் எல்லாருமே வல்லைன்னுதான் சொல்லுவான். பொய்யி ஆடறவன்தான் வந்துச்சு வந்துச்சுன்னு பீத்திக்குவான்."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பின்னால் ஒருத்தி குலவையிட்டாள். அர்த்தநாரி வீட்டுக்கு வந்து, வீட்டுக்குள் கிடந்த காரின் பின் இருக்கையில் சுருண்டு படுத்து, சத்தம் போட்டு அழுதார்.

"ஆத்தா பேசுனாக் கேப்பாங்கன்னு சொன்னேன்," என்றாள் கண்ணாத்தாள். "இப்புடி ஒரேயடியாக் கேப்பாங்கன்னு நெனைக்கலீங்க." அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

கரி உருளையை ஒரு சாயப்பட்டறைக்காரர் சாயம் காய்ச்ச வாங்கிக்கொண்டார். அதை மட்டும் விற்கலாம், அது காரோடு பிறந்ததல்ல, பின்னால் மாட்டிய அடுப்பு என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். அர்த்தநாரி அண்ணன் வீட்டுத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் கொழிஞ்சிமேட்டு முறை. குதிரை வந்துவிட்டது, ஆனால் ஆத்தா வாயால் குதிரையைவிட உசத்தி என்று சொன்ன கார் இல்லாமல் திருவிழாவா? தர்மகர்த்தா பச்சமுத்து பரிவாரத்தோடு வந்து நின்றார். உருளை இல்லாத கார் ஓடாது என்று அர்த்தநாரி சொன்னார். "ஓடறதுக்கு அது என்ன சாதாரணக் காரா?" என்றார் பச்சமுத்து. இரண்டு பெரிய மாட்டு வண்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, குறுக்கே தறிமரங்களைப் போட்டு, ஊரே சேர்ந்து காரைத் தூக்கி அதன் மேல் வைத்தது. இப்படிப்பட்ட சுமையை ஆடாமல் கட்ட ஒருத்தருக்கும் தெரியவில்லை. எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி மேல் ஏறினார். அச்சில் ஒரு கயிறு, நுகத்தடிப் பக்கம் ஒரு கயிறு, குறுக்கே இரண்டு. பல மாதமாகக் கயிறு பிடிக்காத கை, ஆனால் ஒரு முடிச்சும் பிசகவில்லை. கட்டி முடித்து இறங்கிப் பின்னால் வந்து பார்த்தார். வண்டிகளுக்கு வெளியே காரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு சிவப்புத் துணி குடு புள்ள," என்றார்.

கண்ணாத்தாள் உள்ளே போய், பழைய சேலையின் மிச்சத்தில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்தாள். அவர் அதைக் கட்டினார். சுற்றி நின்றவர்கள் துணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாடுகள் நகர்ந்தன. அர்த்தநாரி கூடவே நடந்து, முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.